ஆறு பைக்கு எந்தத் தக்காளி?

கீழ்வீட்டு அக்கா போன வாரம் ஆறு க்ரோ பேக் வாங்கிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கிவிட்டார். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் எல்லாம் தயார். "தம்பி, தக்காளி போடலாம்னு இருக்கேன். எது போடட்டும்?" என்றார்.

"ரசத்துக்கா, குழந்தைங்க சும்மா சாப்பிடவா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"தக்காளின்னா தக்காளிதானே. அதுல என்ன?"

ஏழு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். தாம்பரம் பக்கம், மூன்றாவது மாடிக்கு மேலே, காலை ஏழு மணியிலிருந்து வெயில் விழும் திறந்த தளம். அங்கே இதுவரை பத்துப் பன்னிரண்டு ரகம் போட்டுப் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் படிக்கட்டில் நின்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இது சென்னை மாதிரி கடலோரச் சூட்டுக்குச் சொல்வது. கோவைக்காரர்களும் ஓசூர்க்காரர்களும் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் இதில் பாதிக் கவலையைத் தள்ளிவிடலாம்.

முதலில் ஒன்று. விலைக்குப் பயந்து தக்காளி போடுகிறீர்கள் என்றால் வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு வரிசையில் நின்று வாங்கிய சமயத்தில் எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் விதை போட்டார்கள். விதைத்து முதல் பழம் கைக்கு வர மூன்று மாதம். அதற்குள் மார்க்கெட்டில் விலை இறங்கிவிட்டது, செடியில் இலை சுருண்டுவிட்டது. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ என்றாலும் மாதம் ஏழெட்டு கிலோ ஆகும். ஆறு பை நன்றாகவே காய்த்தாலும் ஒரு பருவம் முழுக்கச் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூட வந்தால் பெரிது. ருசிக்காகப் போடுங்கள். அப்போதுதான் ரகம் என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

பெரும்பாலானோர் போடுவது பி.கே.எம். 1. நாற்றங்காலிலும் விதைக் கடையிலும் "நாட்டுத் தக்காளி" என்று சொல்லி விற்பது பல நேரம் இதுதான். பி.கே.எம். என்றால் பெரியகுளம். அங்கேயுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியின் மரபணுவில் செயற்கையாகத் திடீர் மாற்றத்தை உண்டாக்கி, அதிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். ஆராய்ச்சி நிலையம் வேண்டாம், பாட்டி காலத்து விதைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் நண்பர் ஒருவர் வருடாவருடம் இதைத்தான் பெருமையாக விதைக்கிறார். நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டு ரசம் நன்றாக இருக்கிறது, அது போதும்.

ரசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் ரசத்துக்குத் தக்காளியை மிக்ஸியில் அடிப்பதில்லை. புளிக் கரைசலிலேயே போட்டுக் கையால் பிசைவோம். பி.கே.எம். பழத்தை இரண்டு அழுத்து அழுத்தினால் சதையெல்லாம் கரைந்து தோல் மட்டும் விரலில் மிஞ்சும். புளிப்பும் நன்றாக இருக்கும். ஒருமுறை மாடியில் காய்த்த ஹைப்ரிட் பழம் நாலைந்தை அத்தையிடம் கொடுத்தேன். பிசைந்த வேகத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. "என்னடா இது, ரப்பர் பந்தாட்டம் இருக்கு. இதுக்கு இன்னொரு கோலி புளி போடணும் போலிருக்கே" என்றார். அந்தப் பழம் மோசமில்லை, அது ரசத்துக்கான பழமில்லை. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் பெட்டியில் அடுக்கி லாரியில் வந்து, கடையில் ஒரு வாரம் உட்கார வேண்டிய பழத்துக்குத் தடித்த தோலும் கெட்டிச் சதையும் வேண்டும். நம் பழம் மாடியிலிருந்து அடுப்படிக்கு இரண்டு மாடி இறங்கினால் போதும். வேடிக்கை என்னவென்றால், பி.கே.எம். 1 ரகத்துக்கும் தூரத்துக்கு அனுப்பத் தோதான பழம் என்றுதான் அந்தக் காலத்தில் பெயர். இன்றைய ஹைப்ரிட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது வெண்ணெய்.

பி.கே.எம். பழம் சற்றுத் தட்டையான உருண்டையாக இருக்கும். காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் தெரியும். பழுக்கவில்லையோ என்று காத்திருக்க வேண்டாம், அதன் வாகே அப்படி. செடி ரகம் என்பதால் ஆளுயரத்துக்கு ஏறாது. 12 அங்குலப் பையும் இரண்டடிக் குச்சியும் போதும். விளைச்சல் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்று சொல்வார்கள். இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளி என்று கணக்குப் போட்டால் ஒரு செடிக்கு முக்கால் கிலோவுக்கு மேல், ஒரு கிலோவுக்குள். மாடியில் எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கிறது. விதைத்ததிலிருந்து 135 நாளில் கதை முடிந்துவிடும்.

இதன் பெரிய பலவீனம் இலைச்சுருட்டு. வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றும் நச்சுயிரி, அதாவது வைரஸ். முதலில் உச்சி இலை கிண்ணம் மாதிரி மேலே குவியும். அப்புறம் இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, செடி முழுக்க ஒரு புதர் மாதிரி ஆகிவிடும். பூ வைத்தாலும் காய் நிற்காது. இதற்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெயும் மஞ்சள் ஒட்டும் அட்டையும் ஈயைக் குறைக்கும், அவ்வளவுதான். செடிக்குள் போன நச்சுயிரியை ஒன்றும் செய்யாது. மூன்று வருடத்துக்கு முன் மார்ச்சில் ஒரு நாற்றங்காலிலிருந்து பத்து நாற்று வாங்கி வந்தேன். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. இலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நட்ட இருபதாவது நாள் எட்டுச் செடி சுருண்டது. பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தேன். அதிலிருந்து நாற்று வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே இலையைத் தலைகீழாகத் திருப்பி, செடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். வெள்ளையாக ஏதாவது பறந்தால் வாங்குவதில்லை.

அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகுதான் அர்கா ரக்‌ஷக் பக்கம் போனேன். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைப்ரிட் இது. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கியது. தாங்கும் என்றால் வரவே வராது என்றில்லை. எனக்கு ஒரு கோடையில் ஆறு செடியில் ஒன்றில் மட்டும் உச்சி கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் காய்த்தது. பக்கத்துப் பையில் இருந்த பி.கே.எம். செடி அதே வாரத்தில் படுத்துவிட்டது. இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் அப்போதுதான் புரியும். பாக்டீரியா வாடல் இன்னும் கொடுமை. காலையில் பச்சையாக நின்ற செடி மாலையில் தண்ணீர் இல்லாதது போலத் தொங்கும், ஊற்றினாலும் எழாது. ஒரு பையில் இது வந்துவிட்டால் அதே மண்ணில் அடுத்து சாதாரணத் தக்காளியோ கத்தரியோ வைப்பது வீண்.

ரக்‌ஷக் பழம் ஒன்று 90, 100 கிராம் இருக்கும். நல்ல சிவப்பு. பறித்து இரண்டு வாரம் வெளியில் கிடந்தாலும் கெடாது. வயலில் ஹெக்டேருக்கு 75, 80 டன் என்பார்கள். சொட்டு நீரும் பந்தலும் கட்டிய வயல் கணக்கு அது. பையில் அதை எதிர்பார்க்காதீர்கள். 15 அங்குலப் பையில் எனக்கு ஒரு செடிக்கு இரண்டு கிலோ வரை வந்தது. குழம்பு, தொக்கு, சட்னிக்கு அருமையான பழம். தொக்கு கிளறும்போது பி.கே.எம். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், ரக்‌ஷக் சீக்கிரம் சுருண்டு எண்ணெய் பிரியும். ரசத்தைப் பற்றி அத்தை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதில் விதை எடுத்து வைக்க முடியாது என்று குறை சொல்வார்கள். எடுக்கலாம், முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறை அம்மா மாதிரி இருக்காது. ஒரு செடி உயரம், ஒன்று குட்டை, ஒன்று நோய் தாங்கும், இன்னொன்று தாங்காது. ஆக ஒவ்வொரு முறையும் வாங்கத்தான் வேண்டும். அந்த நிறுவனமே இணையத்தில் விதை விற்கிறது. ஒரு கிராமிலேயே சுமார் 300 விதை இருக்கும் என்பதால் நாலு வீடு சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். பி.கே.எம். விஷயத்தில் இந்தத் தொல்லையே இல்லை. நன்றாகக் காய்த்த செடியில் ஒரு பழத்தை முழுக்கப் பழுக்கவிட்டு, விதையை வழுவழுப்போடு ஒரு டம்ளரில் பிழிந்து இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி நிழலில் உலர்த்தினால் அடுத்த மூன்று வருடத்துக்குக் கவலையில்லை.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்று ஒன்று உண்டு. மருதம் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அடக்கமான செடி, நூறு நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். உண்மையில் பைக்கென்றே செய்தது போலப் பொருந்தும். விதை கையில் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள்.

கடையில் பளபளப்பான உறையில் வரும் தனியார் ஹைப்ரிட்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நல்ல ரகங்கள் இருக்கின்றன, உரமும் மருந்தும் தவறாமல் வைக்கும் விவசாயிக்காக. அவற்றில் முட்டை வடிவப் பழம் தருபவை ஏராளம். அந்த வடிவத்தில் பழத்தின் அடி கறுத்து அழுகுவது எனக்கு அதிகம் வந்தது. சுண்ணாம்புச் சத்து அந்த முனை வரை போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இல்லை என்பதைவிட, ஒருநாள் காய விட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். எல்லோரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். தினமும் ஒரே அளவு தண்ணீர் விட்டாலே பாதி நின்றுவிடும்.

செர்ரி தக்காளியை நான் ரொம்ப நாள் பணக்கார ஹோட்டல் சாலட் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தப்பு. சென்னை வெயிலில் மற்ற தக்காளி பூவெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பழம் பத்துப் பதினைந்து கிராம்தான், ஆனால் ஒரு கொத்தில் பத்துப் பன்னிரண்டு வரும். அடி அழுகல் அனேகமாக இல்லை. கொடி ரகம், ஆறேழு அடி ஏறும். மொட்டை மாடிக் காற்றுக்கு வெறும் குச்சி தாங்காது, கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். பக்கக் கிளையைக் கிள்ளாமல் விட்டால் ஒரு மாதத்தில் துணி காயப்போடும் கொடியைப் பிடித்துவிடும். பெரிய பை வேண்டும், 15 அங்குலத்துக்குக் குறையாமல். சாம்பாருக்கு ஆகாது, இனிப்பு தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பழம்கூட அடுப்படிக்குப் போனதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பறித்துத் தின்றுவிடுகிறார்கள். அவர்கள் விட்டதை அணில் பார்த்துக்கொள்கிறது. வலை போடாவிட்டால் அணிலுக்குத்தான் முதல் பங்கு.

அப்புறம் அந்த வண்ண வண்ண வெளிநாட்டுத் தக்காளிகள். செரோக்கி பர்ப்பிள், பிராண்டிவைன் என்று கருஞ்சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. பிப்ரவரியில் செரோக்கி பர்ப்பிள் இரண்டு செடி வைத்தேன். ஏப்ரலில் தோள் உயரம். பூவை எண்ணினேன், ஒரு செடியில் நாற்பதுக்கு மேல். தினமும் காலையில் தரையில் மஞ்சள் மஞ்சளாகக் காம்போடு உதிர்ந்து கிடக்கும். ஒரு காய் நிற்கவில்லை. தண்ணீரா, உரமா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பெரிய பழ ரகங்களில் மகரந்தம் பலனில்லாமல் போய்விடும். சென்னையில் மே மாத இரவு 27, 28. அது எப்படிக் காய்க்கும்? கொடைக்கானலில் வீடு இருந்தால் போடுங்கள். சமவெளியில் இருந்துகொண்டு ஆசை அடங்கவில்லை என்றால், ஜனவரியில் பூக்கும்படி கணக்குப் பண்ணி ஒரே ஒரு செடி வைத்துப் பார்க்கலாம். முதல் முறை போடுபவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

காசு செலவில்லாத வழி ஒன்று எல்லா வீட்டிலும் நடக்கிறது. அழுகின தக்காளியை மண்ணில் பிழிவது, அல்லது கம்போஸ்ட்டிலிருந்து தானாக முளைப்பது. கடைப் பழம் ஹைப்ரிட்டாக இருந்தால் ஐந்து செடியில் ஐந்து விதமாகப் பழம் வரும். எனக்குக் கறிவேப்பிலைத் தொட்டியில் தானாக வந்த ஒன்று, நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததைவிட அதிகம் காய்த்தது. இரண்டாவது முறை அதன் விதையைப் போட்டேன், ஒன்றும் தேறவில்லை. லாட்டரி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பை இருக்கிறவர் ஆறிலும் லாட்டரி போடக் கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்களே, ஆடியில போட்டுடவா?" என்றார். இங்கேதான் சென்னைக்காரர்கள் சறுக்குவோம். ஆடி முதல் வாரம் விதைத்தால் 25 நாளில் நாற்று, நட்டு அறுபத்தைந்து எழுபது நாளில் முதல் பழம். ஐப்பசி பிறந்திருக்கும். பழம் சிவக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து கொட்டும். பி.கே.எம். பழம் மெல்லிய தோல், ஒரே மழையில் வெடித்துவிடும். செர்ரியும் வெடிக்கும். ரக்‌ஷக் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் பையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

எனக்கு நன்றாக வந்தது கார்த்திகை விதைப்பு. நவம்பர் நடுவில் ஒரு தட்டில், மழை படாத இடத்தில் விதைப்பேன். மார்கழியில் பைக்கு மாற்றுவேன். செடி பூக்கும் நேரம் தையாக இருக்கும். வருடத்திலேயே குளிர்ந்த இரவுகள், 20, 21 டிகிரி. வெள்ளை ஈயும் அந்த மாதங்களில் குறைவு. மாசியில் பழம் தொடங்கி பங்குனி வரை போகும். இந்தப் பருவத்தில் பி.கே.எம். போடத் தயங்க வேண்டாம், அதன் பலவீனம் வெளியே தெரியாமலே கடந்துவிடும். மாறாக ஜூன் தொடக்கத்தில் போட்டு மழைக்கு முன் எடுத்துவிட நினைத்தால், நாற்றுப் பருவத்திலேயே ஈ மொய்க்கும். அதற்கு ரக்‌ஷக்தான். பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பது யாருக்கும் வேண்டாம். அப்படியும் கைகளுக்கு அரிப்பெடுத்தால் செர்ரி போடுங்கள், மேலே ஒரு பச்சை நிழல்வலை கட்டுங்கள். கோடையில் பழம் சிவக்காமல் ஆரஞ்சிலேயே நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும்.

அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. தினமும் ரசம் உண்டு என்பது எனக்கு வாசனையிலேயே தெரியும். நாலாவது படிக்கும் பேத்தி இருக்கிறாள். பொறுமை உண்டு, கார்த்திகை வரை காத்திருக்கத் தயார். ஆக நான் சொன்னது: மூன்று பை பி.கே.எம்., இரண்டு பை அர்கா ரக்‌ஷக், பேத்திக்காக கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு பை செர்ரி. ரக்‌ஷக் எதற்கு என்றால், பி.கே.எம். மூன்றும் படுத்தாலும் தொக்குக்காவது பழம் இருக்கும். ரசம் இல்லாத வீடாக இருந்தால் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றியிருப்பேன். மாடி இல்லாமல் பால்கனி மட்டும் இருந்தால் செர்ரியை எடுத்துவிட்டு, பி.கே.எம். இரண்டோடு நிறுத்தியிருப்பேன். ஐந்தாறு மணி நேர வெயிலாவது விழாத பால்கனி என்றால் தக்காளியே வேண்டாம், கீரை போடச் சொல்லியிருப்பேன். காற்று வராத பால்கனியில் பூத்த பிறகு காலையில் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட வேண்டும். ஒரே பூவிலேயே ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த அதிர்வு போதும்.

நேற்று மாலை மாடிக்குப் போனேன். அக்கா ஒரு பையில் கொத்தமல்லி தூவி, வைக்கோல் போட்டு மூடியிருந்தார். "கார்த்திகை வரைக்கும் சும்மா கிடக்குமேன்னு போட்டேன்" என்றார். அது கிள்ளக் கிள்ள வந்துகொண்டிருக்கும், கார்த்திகைக்குள் அவர் அதைப் பிடுங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். சரி, ஐந்து பைக்குக் கணக்கு: ரக்‌ஷக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.